மட்டக்களப்புக்கு வருகிறவர் ஒரே நாளில் எதைப் பார்ப்பது?

ஒரு நாள்தான் என்றால் பாசிக்குடாவை அடுத்த பயணத்துக்கு வையுங்கள். ஆழம் குறைந்த அழகான கடல்தான், ஆனால் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். போய்வரவே அரைநாள் போய்விடும்.

காலையில் புளியந்தீவுக் கோட்டைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. மதிலேறி நின்றால் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று உங்களுக்கே விளங்கும். உள்ளே நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகம், இயங்கியது.

வெயில் தாழ்ந்ததும் பாலமீன்மடு. 1913இல் கட்டிய வெளிச்சவீடு, சுற்றிலும் கண்டல் காடு, பக்கத்திலேயே வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். எனக்கு ஊரிலேயே மிகப் பிடித்த இடம்.

அப்புறம் இரவில் கல்லடிப் பாலம். பூரணை நாளாக இருந்தால் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வையுங்கள், மீன் பாடுவதாகச் சொல்லும் ஒலியைக் கேட்கத்தான். மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் அந்த ஒலியால் வந்ததுதான். கேட்பது எல்லோருக்கும் வாய்க்காது, பொறுமை வேண்டும்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். மார்கழி மழையில் வாவி கலங்கிவிடும்.