ஆய்வுக் கட்டுரை ஆங்கிலம்: கேள்வி-பதில்

கேள்வி: ஆங்கில நாளிதழைச் சரளமாகப் படிப்பேன். ஆய்வுக் கட்டுரை என்றால் முதல் பக்கத்தையே தாண்ட முடிவதில்லையே?

பதில்: வரிசையாகப் படிப்பதை விடுங்கள். முதலில் ஆய்வுச் சுருக்கம், அடுத்து அட்டவணைகள், பிறகு முடிவுரை. செய்முறைப் பகுதி கடைசியில் போதும். அறிமுகப் பகுதி பெரும்பாலும் மூன்று படிகளில் நகரும் என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விளக்கினார்: இந்தப் பொருள் ஏன் முக்கியம், இதுவரை எது விடுபட்டிருக்கிறது, அதை இந்தக் கட்டுரை எப்படி நிரப்புகிறது. 'ஹவெவர்' எங்கே வருகிறது என்று பாருங்கள். விடுபட்டது என்ன என்பது பல நேரம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கும்.

கேள்வி: எந்தச் சொற்களை மனப்பாடம் செய்யலாம்?

பதில்: மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. அவர் ஆராய்ந்த கல்வி நூல்கள், கட்டுரைகளில் ஏறத்தாழ 10 சதவீதச் சொற்கள் இவைதாம். தனித்தனியாக உருப்போட்டால் எழுதும்போது கைகொடுக்காது. 'ரிசர்ச்' என்றால் 'கண்டக்ட்', 'எவிடென்ஸ்' என்றால் 'ப்ரொவைட்' என்று ஜோடியாகக் குறித்து வையுங்கள்.

கேள்வி: என் நடை பேச்சுமொழி போல இருக்கிறதாம். கனமான சொற்களைப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இன்னும் கெடும். வழிகாட்டிகள் 'நடை' என்று சொல்வது பாதி நேரம் உறுதியின் அளவைத்தான். ஒரு கல்லூரியில் 60 மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்துவிட்டு, 'கைபேசி தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதை இந்த ஆய்வு நிரூபிக்கிறது' என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே சிவப்பு மை போடுவார். 'ப்ரூவ்ஸ்' போய் 'சஜஸ்ட்ஸ்' வரட்டும். 'கெடுக்கிறது' என்பதும் கூடாது, 'தொடர்பு இருக்கலாம்' என்பதே சரி. வினாநிரல் காரணத்தைக் காட்டாது. 'பதிலளித்த மாணவர்களிடையே' என்ற எல்லையும் வேண்டும். அதற்காக 'மே', 'பாஸிப்ளி', 'பெர்ஹாப்ஸ்' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் திணிக்காதீர்கள். அது பணிவல்ல, பயம்.

கேள்வி: மூலத்தில் நாலு சொற்களை மாற்றி, அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. வாக்கிய அமைப்பு அவருடையதாகவே இருந்தால் அதுவும் கருத்துத் திருட்டுக் கணக்கில்தான் வரும். மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள்.

கேள்வி: 'ஐ', 'வீ' எழுதலாமா? செயப்பாட்டுவினைதான் முறை என்கிறார்களே?

பதில்: துறைக்குத் துறை மாறும். உங்கள் துறை இதழில் அண்மையில் வந்த நாலைந்து கட்டுரைகளைப் புரட்டுங்கள். அவர்கள் 'வீ' எழுதியிருந்தால் நீங்களும் தாராளமாக எழுதலாம்.