மேக்னெட்டோ மேல் பழி போடும் முன்

கேள்வி: விமானம் ஓட்டப் பழகுகிறேன். எங்கள் செஸ்னா 152-இல் புறப்படும் முன் 1700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1700 சுற்று) சோதிக்கும்போது, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் இடதுக்கு மட்டும் சாவியைத் திருப்பினால் ஆர்பிஎம் 200 இறங்கி எஞ்சின் குலுங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்துத் திருப்பினால் சாதுவாகிவிடுகிறது. மேக்னெட்டோவையே மாற்றணும் என்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தம்பி, 125-க்கு மேல் இறங்கினால் அது சரியாகும்வரை பறக்கக் கூடாது. அதில் பேச்சே இல்லை. ‘இரண்டும் போட்டால் நன்றாகத்தானே ஓடுது’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாலு சிலிண்டர், எட்டு பிளக். சிலிண்டருக்கு ஒன்று இடதுக்கும் ஒன்று வலதுக்கும். ஒன்று படுத்தாலும் மற்றது எரித்துவிடும், நோய் வெளியே தெரியாது.

மேக்னெட்டோ மேல் பழி போட்டு நானும் அசடு வழிந்திருக்கிறேன். கழற்றி, வேறு மாட்டி, டைமிங் வைத்து இரண்டு நாள் போனது. குலுங்கல் போகவில்லை. கடைசியில் கீழ்ப் பக்கத்துப் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், தீப்பொறி பறக்க வேண்டிய இடைவெளியில் கடுகளவு ஈய உருண்டை! விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் குமிழை, பெட்ரோல் அதிகம் போகும்படி முழுசாக உள்ளே தள்ளிவைத்துத் தரையில் வெகுநேரம் உருட்டினால் இப்படித்தான் படியும்.

அதற்குப் பிறகு என் வழி தோசைக்கல் வழிதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, குலுங்குகிற மேக்னெட்டோவில் மட்டும் ஓரிரு நிமிடம் ஓட்டி அணைக்க வேண்டும். உடனே ஒவ்வொரு புகைக்குழாயிலும் ஈரத் துணி நுனியால் ஒற்றுங்கள். மூன்று ‘சுர்’ என்னும். சத்தம் போடாத நாலாவதுதான் ஆள். அதில் இடது மேக்னெட்டோவுக்கான பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். குளிர்ச்சி கூடவே போனால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஒயரையும், அப்புறம் மேக்னெட்டோவையும் பாருங்கள். இதெல்லாம் மெக்கானிக் செய்ய வேண்டியது. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருந்தாலும் புரொபெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் கை போகக் கூடாது. எர்த் ஒயர் அறுந்த மேக்னெட்டோ சாவியை மதிக்காது; அணைத்திருந்தாலும் தீப்பொறி விடும்.

கேள்வி: சேலம் வெயிலில் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்கிறார்கள். கேலி செய்கிறார்களா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இல்லைம்மா, நிஜம்தான். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் சூடு 20 டிகிரிக்கும் அதிகமாகக் குறைந்துவிடலாம்; மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதும் இதே வித்தைதான். ஐப்பசி காலையில் சேர்வராயன் மேல் மேகம் கவிந்திருக்க, வெளியே 20 டிகிரி என்றால் ஐஸுக்கு அதைவிட என்ன வேண்டும்? முதலில் குலுங்காது, ஆர்பிஎம் மெல்ல நழுவும். உடனே கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை முழுசாக இழுங்கள். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமும். பயந்துபோய்த் திரும்பத் தள்ளிவிடாதீர்கள், இருமி முடிக்கட்டும்.