சூடான எஃகு உருட்டலில் லேசர் அளவுமானி பொருத்தினால் அளவு சரியாகிவிடுமா?

கம்பி உருட்டும்போது விட்டம் அடிக்கடி பிசகுகிறது, லேசர் அளவுமானி பொருத்தினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு தீரும். ஆனால் அந்த மானிக்குத் துணையாக நிற்கும், தொடாமலே வெப்பநிலையை அளக்கும் வெப்பமானி (பைரோமீட்டர்) சரியாக இல்லாவிட்டால், செலவழித்த பணத்துக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது என்பது கம்பி ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் அனுபவம்.

லேசர் அளப்பது சூடான விட்டத்தை. நாம் விற்பதோ குளிர்ந்த கம்பி. 900 டிகிரி செல்சியஸில் ஓடும் 50 மிமீ கம்பி, ஆறியபின் ஏறத்தாழ 0.6 மிமீ சுருங்கிவிடும். இந்தச் சுருக்கத்தைக் கணக்கிட வெப்பநிலை தேவைப்படுவதால், பைரோமீட்டர் 50 டிகிரி பிசகினால் விட்டக் கணக்கு 0.05 மிமீ அளவுக்குப் பிசகும். லேசரின் துல்லியத்தைப் பற்றி விற்பனையாளர் சொன்னதெல்லாம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

எங்கள் ஆலையில் இது நடந்தது. திரையில் விட்டம் அச்சாகச் சரியாக இருக்கும். ஆறிய கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்தால் மெலிந்திருக்கும். லேசரைக் கழற்றித் துடைத்து, அளவுத்தண்டு வைத்துச் சரிபார்த்து இரண்டு நாள் வீணானபின்தான், பைரோமீட்டர் நீர்க்குளிர்விப்புப் பெட்டியை ஒட்டி இருப்பதைக் கவனித்தோம். நீர் பட்டு மேற்பரப்பு மட்டும் கறுத்திருக்க, உள்ளே கம்பி செக்கச்செவேலென்று இருந்தது. பைரோமீட்டரோ மேல்தோலை மட்டுமே பார்த்து, கம்பி ஆறிவிட்டதாகக் கருதிச் சுருக்கத்தைக் குறைத்துக் கணக்கிட, பெருத்துவிட்டதாகத் தெரிந்த விட்டத்தைக் குறைக்க நாங்களும் ரோல் (உருட்டும் உருளை) இடைவெளியை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். உள்வெப்பம் மேலே பரவிச் சமமாகும் தொலைவுக்குப் பைரோமீட்டரை நகர்த்தியதும் வித்தியாசம் மறைந்தது.

தகடு உருட்டுவோருக்குச் சிக்கல் வேறு. எக்ஸ் கதிர்த் தடிப்புமானி கடைசி ஸ்டாண்டிலிருந்து (ரோல்களைத் தாங்கும் சட்டகத்திலிருந்து) 2 மீட்டர் தள்ளி இருந்தால், அது பிழையைக் காணும்போது 2 மீட்டர் தகடு ஏற்கெனவே போய்விட்டது. இதனால்தான் உருட்டு விசையிலிருந்தே தடிப்பைக் கணக்கிடும் முறை 1950களில் பிரிட்டனில் உருவானது. 1500 டன் விசையில், மிமீக்கு 500 டன் விறைப்புள்ள ஸ்டாண்ட் 3 மிமீ விரிந்து கொடுக்கும். அதை, தகடு நுழையுமுன் ரோல்களுக்கு நடுவே இருந்த வெற்று இடைவெளியோடு கூட்டினால் வெளிவரும் தடிப்பு கிடைக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரோல் மையம் விலகிச் சுழலும்போது இடைவெளி குறைந்து விசை ஏறும். கணக்கோ தகடு தடித்துவிட்டதாக எண்ணி மேலும் இறுக்கும். ஆகவே விசைக் கணக்கை வேகத்துக்கும், கதிர்மானியை மெதுவான திருத்தத்துக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

கம்பிக்குத் திரும்புகிறேன். லேசரைச் சரிபார்க்க மாதிரி வெட்டுவோர் பெரும்பாலும் கம்பியின் வால் முனையையே எடுக்கிறார்கள், கைக்கு எளிது என்பதால். முந்தைய ஸ்டாண்டை விட்டு வால் விலகியதும் இழுவிசை போய்விடுவதால், அந்த முனை சற்றுப் பருத்தே இருக்கும். ஆகவே கம்பியின் நடுப்பகுதியில் வெட்டி, தானாக ஆறவிட்டு, மேலே படிந்த ஆக்சைடு செதிலை (ஸ்கேல்) சுரண்டிவிட்டு, ஒரே விட்டத்தில் நிற்காமல் சுற்றிச்சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, அதே கம்பிக்கு லேசர் பதிந்த அளவோடு ஒப்பிடுங்கள்.