தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக மாறினால் கடைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: சுன்னாகத்தில் சிறிய ரியூட்டரி நடத்துகிறேன். பிள்ளைகளின் பெயர், கட்டணம் பதிய பைதன் என்ற கணினி மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். தமிழில் அடிக்கும் பெயர்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வெறும் கேள்விக்குறிகளாகக் கிடக்கின்றன. ரவுனில் ஒரு கடைக்காரர், "தமிழ் சொப்ட்வெயார் வாங்கினால்தான் சரிவரும்" என்கிறார். வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். பைதன் 3 தமிழை அப்படியே கையாளும். பிழை, பெயர் போய்ச் சேரும் அட்டவணையில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முந்திய பதிப்புகள், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்ற, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துத் தொகுதியில் அட்டவணையை உருவாக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள்: கண்ணுக்கு மூன்று எழுத்து, கேள்விக்குறியோ ஐந்து. குற்றும் அரவும் தனித்தனிக் குறிகள்.

முதலில் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு 'ஆல்டர் டேபிள்' கட்டளையால் அட்டவணையை, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துத் தொகுதிக்கு மாற்றுங்கள். பைதனில் இணைப்பு எழுதும் வரியிலும் அதையே கொடுங்கள். அவ்வளவுதான், சதம் செலவில்லை. கேள்விக்குறியாகிப்போன பழைய பெயர்களைப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி அடிக்கத்தான் வேண்டும். மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். மீட்க உள்ளே ஒன்றுமே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில பெயர்கள் கேள்விக்குறியாக இல்லாமல், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால், மேலே சொன்ன கட்டளையைக் கொடுக்கவே கூடாது. அந்தப் பெயர்கள் அழியவில்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றையும் லத்தீன்1 மூன்று தனி எழுத்துகளாக வாசித்துக் காட்டுகிறது. நேரே மாற்றினால் அந்தக் குப்பையையே உண்மையான எழுத்து என்று பதிந்துவிடும். முதலில் அட்டவணையில் பெயர் இருக்கும் பத்தியை (கொலம்), பைட்டுகளை எழுத்தாக வாசிக்காமல் அப்படியே வைத்திருக்கும் 'புளொப்' வகைக்கு மாற்றுங்கள், அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு. இரண்டு படி, இந்த ஒழுங்கில்தான். பெயர்கள் முழுதாகத் திரும்பி வரும்.

சரி, அந்த "தமிழ் சொப்ட்வெயார்". இப்படி விற்கப்படுவனவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பூசியவை. திரையில் 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தேடினால் கிடைக்காது, அகர வரிசை வராது, பெற்றோரின் போனுக்கு அனுப்பினால் ஆங்கிலக் கிறுக்கல்தான் போகும். அதைவிட மோசம், தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் காசு கறப்பவர்கள். யாரிடம் வேலை கொடுத்தாலும் கடவுச்சொல்லும் முழுப் பிரதியும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. இன்னும் பாமினியில் கோப்புக் கேட்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. உயர்தரப் பிள்ளைகள் ஆஸ்கி, யுனிகோட் என்று பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். ஒரு தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வாரில்லை. இந்த இடைவெளியில்தான் கடைக்காரர் பிழைக்கிறார்.

அப்புறம், பெயர்ப்பட்டியலை எக்செலில் திறக்க பைதனில் சீஎஸ்வி கோப்பாக எழுதும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் அதே ஏயும் ஆரும் வந்து நிற்கும்.