செல் செழிக்கிறது, ஆன்டிபாடி எங்கே?

கேள்வி: எங்கள் ஹைப்ரிடோமா குளோன் (ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் தரும் எலி மண்ணீரல் செல்லை மைலோமா என்ற புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே செல்லிலிருந்து வளர்த்த கூட்டம்) தொடக்கத்தில் எலைசாவில், அதாவது ஆன்டிபாடியை அளக்கும் சோதனையில், நன்றாக ஆன்டிபாடி காட்டியது. இரண்டு மாதமாக விடாமல் வளர்க்கிறோம். செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகுகின்றன, ஆன்டிபாடியோ பாதியாகிவிட்டது. மறுபடி ஹேட் (HAT) என்ற தேர்வு ஊடகத்தில் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. எலியின் மண்ணீரல் செல்லோடு இணையாமல் தங்கிப்போன மைலோமா செல்களைக் கொல்லத்தான் ஹேட். உங்களிடம் பெருகியிருப்பவை இணைந்த செல்களேதான். அவற்றை அது தொடாது.

இணைந்த செல்லுக்குள் இரண்டு செல்களின் குரோமோசோம்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். பிரியும்போது சில தவறிப்போகும். ஆன்டிபாடி மரபணு உள்ளது தவறினால் செல் சாகாது, உற்பத்திதான் நிற்கும். அந்தச் சுமை இறங்கியதும் வேகமாகப் பெருகி மற்றதை அமுக்கிவிடும். ஆக, வேகமான வளர்ச்சியைப் பார்த்து மகிழாதீர்கள்.

முதலில், ஆன்டிபாடி நன்றாக இருந்தபோது செல்களிலிருந்து எடுத்து வைத்த பழைய ஊடகத்தை இதே எலைசாவில் போட்டுப் பாருங்கள். அதுவும் குறைவாகக் காட்டினால் கோளாறு சோதனையில். இல்லையென்றால், உறையவைத்ததில் மிகப் பழைய குப்பியை எடுத்து, 96 குழித் தட்டில் குழிக்குச் சராசரி அரை செல் வீதம் (இரண்டு குழிக்கு ஒரு செல்) பரப்புங்கள். ஒற்றைக் கூட்டம் வளர்ந்த குழிகளை மட்டும் சோதியுங்கள். எல்லாமே ஆன்டிபாடி தரும்வரை திரும்பச் செய்யுங்கள். இரண்டு சுற்றுக்குக் குறையாமல். உடனே பல குப்பிகளில் உறையவையுங்கள், இரண்டு தொட்டிகளில். மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய குளோனுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்ப, கோப்பு மேசை மேசையாக அலையும் இடங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

வளர்ச்சியும் சேர்ந்து தளர்ந்திருந்தால் கதை வேறு: மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். ஊடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். செல்சுவரே இல்லாததால் பெனிசிலினுக்கு மசியாது. பிசிஆர் (அதன் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) போன்ற தனிச் சோதனை செய்தால்தான் பிடிபடும். அதற்குள் பக்கத்து செல்களுக்கும் பரவியிருக்கும். அந்தக் குடுவையை இன்றே தனியே பிரித்து வையுங்கள். காப்பாற்ற முயல்வதைவிடச் சுத்தமான பழைய குப்பிக்குப் போவது மேல்.

இந்த நேரத்தில்தான் தரகர்கள் வருவார்கள். 'நிலையான ரெடிமேட் குளோன்' என்பார்கள். எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தது, மைக்கோபிளாஸ்மா சோதனை முடிவு எங்கே என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். 'ஆன்டிபாடி மரபணு வரிசையை எடுத்துத் தருகிறோம்' என்பது இன்னொரு கூட்டம். யோசனை நல்லதுதான், வரிசை கையிலிருந்தால் செல் செத்தாலும் கவலையில்லை. ஆனால் பல மைலோமா வகைகளிலிருந்து ஒரு உபயோகமற்ற கப்பா சங்கிலியின் (ஆன்டிபாடியின் ஒரு பகுதி) ஆர்என்ஏவும் வரும். கவனமில்லாதவர் அதையே படித்துக் கொடுத்துவிடுவார். அந்த வரிசையிலிருந்து ஆன்டிபாடியைத் தயாரித்து, உங்கள் ஆன்டிஜெனில் (ஆன்டிபாடி பிடிக்கவேண்டிய பொருள்) ஒட்டுகிறது என்று காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.