குரங்கு நடக்கறதப் பாக்கற பொண்ணுக்கு டாக்டர் சீட்டு எதுக்கு?

அம்மா, உங்க மெயில் முழுசா படிச்சேன். பொண்ணு ராத்திரி உக்காந்து கிப்பன்ங்கற வாலில்லாக் குரங்கு கிளைக்குக் கிளை கை மாத்தித் தொங்கிட்டுப் போற வீடியோவ ஸ்லோ மோஷன்ல பாக்கறா, நோட்டு பூரா கால் எலும்பா வரையறா, நல்லா படிக்கற புள்ள இப்படி ஆயிட்டாளேன்னு உங்களுக்குக் கவலை, பெரியப்பா வேற தினமும் போன் போட்டு "குரங்கப் படிச்சு என்ன கிழிக்கப் போறா, டாக்டருக்குப் போடுங்க"ங்கறார். கவலைப்படாதீங்கன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா சொல்ல வேண்டியது வேற. பெரியப்பா சொல்றது தப்பு.

அவ பாக்கறது குரங்க இல்ல, நடைய. நீங்க போட்டோ எடுத்து அனுப்பின பக்கத்துல சிம்பன்சியோட இடுப்பெலும்பு நீளமா மேல ஏறி நிக்குது, பக்கத்துல நம்மளது குட்டையா கிண்ணம் மாதிரி வளைஞ்சிருக்கு, கீழ "ஒத்தக்கால்ல நிக்கும்போது எது புடிச்சு நிறுத்துது?"ன்னு எழுதியிருக்கா. ரொம்ப சரியான கேள்விங்க. ஒவ்வொரு அடிக்கும் நாம கொஞ்ச நேரம் ஒத்தக்கால்லதான் நிக்கறோம், அப்ப இடுப்பு மறுபக்கம் சரிஞ்சிடாம பக்கவாட்டுத் தசை இழுத்துப் புடிக்குது. சிம்பன்சிக்கு அந்தத் தசை பின்பக்கமா இருக்கு, அதனாலதான் ரெண்டு கால்ல நடந்தா அது ஆடி ஆடி, முட்டி மடங்கியே நடக்கும். சிம்பன்சிய ட்ரெட்மில்ல நடக்க விட்டு மூச்ச அளந்து 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, நம்ம நடைக்கு அதுக்கு ஆகறத விட சுமார் 75 சதவீதம் கம்மி சக்தி போதுமாம். எத்தியோப்பியாவுல 1974ல எலும்புக்கூடா கிடைச்ச, நம்ம ஆதி மூதாதை வகையச் சேர்ந்த லூசி சுமார் 32 லட்சம் வருஷத்துக்கு முன்னால வாழ்ந்தவ, அவ இனத்தோட மூளை சிம்பன்சிய விட கொஞ்சம்தான் பெருசு, ஆனா இடுப்பெலும்பு அப்பவே குட்டையா அகலமா மாறியாச்சு, அதாவது பெரிய மூளை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நடை வந்துடுச்சு. இதையெல்லாம் யாரும் சொல்லித் தராம தேடிப் படிக்கற பொண்ண நீங்க வேற பக்கம் திருப்பணுமா?

எல்லாருக்கும் தெரிஞ்ச கோர்ஸ் பத்தி நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு உங்க சொந்தக்காரங்களே போதும். யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, நடை ஆய்வு லேப். பெரிய எலும்பு ஆஸ்பத்திரிகள்ல, செயற்கைக் கால் செய்யற இடத்துல, ஸ்போர்ட்ஸ் சென்டர்ல எல்லாம் இருக்கும். செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளை பாதிப்பால தசைக் கட்டுப்பாடு குறையற கோளாறு, இருக்கற ஒரு குழந்தை நுனிக்கால்ல நடக்குதுன்னு வைங்க, கெண்டைக்கால் தசை இறுகினதா, இல்ல முட்டி நீளாததால பாதம் தரையத் தொடலையா, வெறும் கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். இடுப்பு, முட்டி, கணுக்கால்ல சின்னச் சின்ன பளபளா உருண்டை ஒட்டி, சுத்தி கேமரா வச்சு, தரையோட தரையா பதிச்ச, பாதம் எவ்வளவு விசையில அழுத்துதுன்னு அளக்கற ஃபோர்ஸ் பிளேட் மேல நடக்க விடுவாங்க, எந்தத் தசை எப்ப வேலை செய்யுதுன்னு தோல்ல ஒட்டின சென்சார் சொல்லும். உருண்டை கொஞ்சம் தள்ளி ஒட்டினா கிராஃபே தப்பாயிடும், பிளேட்ட மிதின்னு குழந்தைகிட்ட சொல்லவும் கூடாது, சொன்னா அது குறி வச்சு நடக்கும், நடை மாறிடும். அந்த கிராஃப வச்சுதான் எந்தத் தசைநார நீட்டணும்னு சர்ஜன் முடிவு பண்றார், கணுக்கால் நார அளவுக்கு மேல நீட்டிட்டா குழந்தை முட்டி மடங்கியே நடக்க ஆரம்பிச்சிடும். முட்டி மடங்கின நடையில கால் தரையில ஊனியிருக்கற நேரம் பூரா தொடைத்தசை ஓய்வெடுக்க முடியாது, அதான் சீக்கிரம் களைச்சுப் போறாங்க. சிம்பன்சி நடைக்குப் போடற அதே கணக்கு, உங்க பொண்ணு நோட்டுல பாதி போட்டு வச்சிருக்கா.

இதுக்கு பிசியோதெரபி வழியா வரலாம், செயற்கைக் கை கால், தாங்குபட்டை செய்யற புராஸ்தெடிக்ஸ் ஆர்த்தோட்டிக்ஸ் வழியா வரலாம், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் வழியாவும் வரலாம். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன், கைவேலை இருக்கு, சேர்றவங்க கம்மி. எதுல சேந்தாலும் மேத்ஸ், பிசிக்ஸ விடக்கூடாது, கொஞ்சம் கோடிங்கும் கத்துக்கணும்.

இப்ப காசு. கடன் வாங்கி மெடிக்கல் சீட்டு வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம். வீட்டுப் பத்திரத்தத் தொடாதீங்க, அந்தக் கடன் அடையற வரைக்கும் அவ என்ன படிக்கணும் எங்க வேலை செய்யணும்னு தவணைதான் முடிவு பண்ணும். அதே மாதிரி அவ ஃபாசில் தோண்ட ஆப்பிரிக்கா போகணும், வெளிநாட்டுல சொந்தக் காசுல மாஸ்டர்ஸ் பண்ணணும்னு கேட்டா அதுக்கும் என் பதில் இல்லதான், அந்தத் துறையில நிரந்தர வேலை ரொம்பக் கம்மி. உதவித்தொகையோட பிஎச்டி கிடைச்சா தாராளமா போகட்டும்.

டாக்டராக அவளுக்கு விருப்பம் இருக்கான்னு உங்க மெயில்ல ஒரு வரி கூட இல்லம்மா. முதல்ல அதக் கேளுங்க. அப்புறம் காலேஜ் பாக்கப் போகும்போது அவளையே பேச விடுங்க: ஃபோர்ஸ் பிளேட் இருக்கா, ஸ்டூடண்ட்ஸ தொட விடுவாங்களா, கடைசி வருஷம் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. பதில் மழுப்பலா வந்தா அன்னிக்கு ஃபீஸ் கட்டாம திரும்பி வந்துடுங்க.