அப்பா பெயரில் பட்டா: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் புன்செய், கிணற்றில் நாலில் ஒரு பங்கோடு விலைக்கு வருகிறது. பட்டா, விற்பவரின் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: இப்போது வேண்டாம். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதியாத உயிலும் அதில் தெரியாது. நிலத்தின் மேல் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது.

முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் இறந்தவருடைய தாயார் என எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்பாவுக்கு முன்பே இறந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் குடும்பமும் சேரும். "அக்காவுக்குச் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு" என்று சொல்வார்கள். சீர் கொடுத்ததால் சொத்துப் பங்கு போய்விடாது. கிரயம் முடிந்து வழக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, விற்பவருக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். மைனர் பங்கு இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள். கோர்ட் அனுமதி தேவைப்படலாம்.

அடுத்து கிணறு. அது எந்தச் சர்வே எண், எந்த உட்பிரிவில் இருக்கிறது? நிலத்தின் எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டிருந்தால் கிணற்றுப் பங்கு அதில் வந்திருக்காது. அந்த எண்ணுக்கும் தனியாகப் போடுங்கள். பங்கு, தண்ணீர் முறை, மோட்டார், மின் இணைப்பு, வாய்க்கால் உரிமை எல்லாம் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வர வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் என்றும் பாருங்கள். தண்ணீர் இல்லாத புன்செய்க்குக் கிணற்று நிலத்தின் விலை கொடுப்பது அநியாயம்.

வண்டிப்பாதை புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரர் எத்தனை அடி அகலத்துக்கு உரிமை தருகிறார் என்று அவரிடமே எழுதிப் பதிந்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு அவர் மகன் காலத்தில் செல்லாது.

நிலம் எந்த வகை என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். நிபந்தனைப் பட்டா (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் விலகிவிடுங்கள். பரப்பும் ஒத்துப்போக வேண்டும்: 1 ஏர்ஸ் என்பது 2.47 சென்ட், 120 சென்ட்டுக்குப் பட்டாவில் சுமார் 0.48.5 ஹெக்டேர், அதாவது 48.5 ஏர்ஸ், இருக்க வேண்டும். குறைந்தால் சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகு விலை பேசுங்கள்.

மூலப் பத்திரத்தின் அசலைப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அடைத்த ரசீது வாங்குங்கள். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தைப் பதிந்து, அட்வான்ஸை வங்கி மூலமாகக் கொடுங்கள்.